பக்கத்து மலை

வான்கூவரில் நவம்பர் பிறந்துவிட்டால் மழைதான். இடி மின்னலோடு கொட்டித் தீர்க்கும் மழை இல்லை. பெய்கிறதா நின்றுவிட்டதா என்று கையை நீட்டிப் பார்க்க வேண்டிய, மார்ச் வரை ஓயாத மழை. அந்த மாதங்களில் ஊர் இரண்டாகப் பிரிந்துவிடும். ஒரு பாதி வானத்தைத் திட்டிக்கொண்டு வேலைக்குப் போகும். மறு பாதி பேருந்தில் தொங்கிக்கொண்டே கைபேசியில் ஒரு எண்ணைத் தேடும்: உறைநிலை இன்று எத்தனை மீட்டரில்? ஆயிரம் மீட்டர் மேலே போனால் சுமார் ஆறரை டிகிரி குறையும் என்பது பொதுக்கணக்கு. கீழே ஆறு டிகிரியில் சாலையோரம் தண்ணீர் ஓடுகிறதென்றால், ஆயிரம் மீட்டருக்கு மேலே அதே மேகம் பனியைக் கொட்டிக்கொண்டிருக்கும். பசிபிக்கிலிருந்து வரும் ஈரக்காற்று நகரின் வடக்கே நிற்கும் மலைகளில் மோதி, மேலேறி, குளிர்ந்து, சுமையை இறக்குகிறது. ஆகவே அலுவலகத்தில் யாராவது ஜன்னல் வழியே மழையைப் பார்த்துத் தனக்குள் சிரித்தால் காரணம் கேட்க வேண்டியதில்லை. காரின் பின்பக்கம் பனிச்சறுக்குப் பலகை கிடக்கிறது என்று அர்த்தம்.

சைப்ரஸ், க்ரௌஸ், சீமோர். மூன்று மலைகளும் ஊருக்கு எதிரே, கடற்கழிக்கு அந்தப் பக்கம். நகர மையத்திலிருந்து சீபஸ் படகில் பன்னிரண்டு நிமிடம். இறங்கியதும் 236ஆம் எண் பேருந்து க்ரௌஸ் அடிவாரத்தில் கொண்டுபோய் விடும். பள்ளிப் பிள்ளைகள் சீருடை மாற்றியும் மாற்றாமலும் பலகையைக் கட்கத்தில் இடுக்கிக்கொண்டு அந்தப் பேருந்தில் ஏறுவார்கள். குளிர்காலத்தில் நாலரை மணிக்கே இருட்டிவிடும் ஊர் இது. ஆனால் மலைச்சரிவுகளில் விளக்கு போடுகிறார்கள். வேலை முடிந்து வீட்டுக்கு வந்து சமையலறை ஜன்னலில் நின்றால், இருட்டுக்குள் வெள்ளைக் கோடுகளாகச் சறுக்குத் தடங்கள் தெரியும். போகலாமா என்று யோசிப்பதற்குள் சோறு வெந்துவிடும். சோற்றைச் சாப்பிட்டுவிட்டும் போகலாம், அவ்வளவு பக்கம்.

மலைக்குப் பக்கத்தில் வாழ்வதன் இன்பம் என்று எழுத உட்கார்ந்தால் எல்லாரும் காற்று, அமைதி, காட்சி என்று ஆரம்பிக்கிறார்கள். எனக்கு அதில் பெரிய நம்பிக்கை இல்லை. காட்சி இரண்டாம் வருடமே பழகிவிடும். பாதி நாள் மேகம் வேறு மறைத்திருக்கும். பக்கத்தில் வாழ்பவருக்குக் கிடைக்கும் உண்மையான சலுகை வேறொன்று: அவர் போகாமல் இருக்கலாம். இங்கிருந்து 120 கிலோமீட்டர் வடக்கே விஸ்லர் சறுக்குத் தலம். சிட்னியிலிருந்தும் லண்டனிலிருந்தும் ஒரு வார விடுப்பில் அங்கே வருகிறவர் விமானச் சீட்டுக்கும் அறைக்கும் பணம் கட்டிவிட்டுத்தான் வருகிறார். அந்த ஏழு நாளில் மழை பெய்தாலும், காற்றில் லிஃப்ட் நின்றாலும், முட்டி வலித்தாலும் அவர் போயாக வேண்டும். இங்கே குடியிருப்பவர் வாகன நிறுத்தம் வரை போய், பனி ஈரச் சிமெண்ட் மாதிரி கனத்துக் கிடப்பதைப் பார்த்துவிட்டு, காப்பி குடித்துத் திரும்பிவிடலாம். மலை நாளைக்கும் அங்கேதான் இருக்கும்.

ஸ்னோபோர்டு என்றால் பலர் மனதில் வருவது தொலைக்காட்சியில் ஆகாயத்தில் சுழலும் இளைஞர்கள். கற்றுக்கொள்பவரின் உலகம் தரையிலிருந்து ஒரு முழம் உயரத்திலேயே முடிந்துவிடுகிறது. முதல் கேள்வி, எந்தக் கால் முன்னால். இடது கால் முன்னால் நின்றால் ரெகுலர், வலது என்றால் கூஃபி. கற்றுத்தருபவர் பின்னால் வந்து எதிர்பாராத நேரத்தில் லேசாகத் தள்ளுவார். விழாமல் தப்பிக்க எந்தக் கால் தானாக முன்னே போகிறதோ அதுதான் உங்கள் முன்கால். பிறகு ஈரப்பனியில் உட்கார்ந்து பைண்டிங்கின் பட்டைகளைப் பூட்ஸுக்கு மேல் இழுத்துப் பூட்ட வேண்டும். பல்சக்கரம் டிர்ர் டிர்ர் என்று கடிக்கும். இரண்டு காலும் ஒரே பலகையில் கட்டுண்டபின் எழுந்து நிற்பதே ஒரு வித்தை. குதிகால் விளிம்பில் பலகையை அழுத்தி, பள்ளத்தைப் பார்த்தபடி, இலை உதிர்வதுபோல இடமும் வலமுமாக அசைந்து இறங்குவது முதல் பாடம். அதற்கே அந்தப் பயிற்சிக்கு உதிரும் இலை என்று பெயர்.

இலையாக எத்தனை நாள் வேண்டுமானாலும் இருக்கலாம். திரும்புவதில்தான் விஷயம் இருக்கிறது. குதிகால் விளிம்பிலிருந்து விரல் விளிம்புக்கு மாற வேண்டுமானால், நடுவில் ஒரு கணம் பலகை நேரே பள்ளத்தை நோக்கி நிற்கும். அந்தக் கணத்தில் உடம்பு முழுவதும் பின்னால் சாயச் சொல்லும். சாய்ந்தால் எடை பின்காலுக்குப் போகும். முன்பக்கம் பிடிமானம் இழக்கும். பலகை உங்கள் பேச்சைக் கேட்காமல் வேகமெடுக்கும். எடையை முன்காலில், அதாவது பயப்படுகிற திசையில் வைத்தால்தான் பலகை திரும்பும். இது புத்தி சொல்லி வருவதில்லை. புத்தி ஒத்துக்கொண்ட பிறகும் முட்டி ஒத்துக்கொள்ள நாளாகும். பள்ளத்துப் பக்க விளிம்பு பனியில் மாட்டிக்கொண்டால் எச்சரிக்கையே கிடையாது. யாரோ காலடிக் கம்பளத்தை உருவியதுபோலத் தரை முகத்துக்கு வரும். விழும்போது கையை விரித்து ஊன்றாதே, விரல்களை மடக்கிக்கொள் என்று சொல்லிக்கொண்டே இருப்பார்கள். புதிதாகப் பழகுபவர்களில் மணிக்கட்டை உடைத்துக்கொள்கிறவர்கள் அத்தனை பேர்.

இதில் எனக்கு வேடிக்கையாகப் படுவது திசை. நம் ஊரில் மலை என்பது ஏறுவதற்கு. பழனியில் ஏறுவதுதான் வேண்டுதல். இறங்குவது வீட்டுக்குப் போவது. விஞ்ச் இருக்கிறதென்றால் அதுவும் ஏற முடியாதவர்களை முன்னிட்டு. இங்கே சேர்லிஃப்டில் உட்கார்ந்து காலை ஆட்டிக்கொண்டே மேலே போகிறார்கள், இறங்குவதுதான் காரியம். ஆனால் அதே க்ரௌஸ் மலை கோடையில் தலைகீழாகிவிடும். க்ரௌஸ் கிரைண்ட் என்ற பாதை இரண்டரை கிலோமீட்டருக்குள் 800 மீட்டர் உயரத்தைத் தாவுகிறது. கிட்டத்தட்ட முழுக்கப் படிதான். அதில் கால்நடையாக இறங்க அனுமதி இல்லை, ஏறுவது மட்டும். இறங்குவதற்குப் பெரும்பாலோர் ரோப் காரில் சீட்டு வாங்குகிறார்கள். வேலை முடிந்து வருகிற வங்கி ஊழியர்களும் செவிலியர்களும் வியர்த்து விறுவிறுத்து உச்சிக்கு வந்ததும் முதலில் பார்ப்பது கடிகாரத்தை. ஒரு மணி நேரத்துக்குள் ஏறினால் பெருமை. சாமி இல்லாத மலையில் எதற்கு இத்தனை அவதி என்று ஊரிலிருந்து வந்த உறவினர் ஒருவர் கேட்டார். அவர் பழனிக்குக் காவடி எடுத்தவர். பதில் சொல்லத் தோன்றவில்லை.

பலகையின் வரலாறே வீட்டு முற்றத்து வரலாறுதான். 1965ஆம் ஆண்டு கிறிஸ்துமஸ் நாளில் மிச்சிகன் மாநிலத்தின் மஸ்கீகன் ஊரில் ஷெர்மன் பாப்பன் என்ற பொறியாளர், தன் பெண் குழந்தைகள் விளையாடுவதற்காக இரண்டு ஸ்கீகளை ஒன்றாகச் சேர்த்துக் கட்டினார். ஸ்னர்ஃபர் என்று பெயர் வைத்தவர் அவர் மனைவி. அது பொம்மையாக லட்சக்கணக்கில் விற்றது. பிறகு வெர்மான்டில் ஜேக் பர்ட்டனும் கலிஃபோர்னியாவில் டாம் சிம்ஸும் அதை ஒரு விளையாட்டாக்கினார்கள். 1980களின் நடுப்பகுதி வரை அமெரிக்காவின் பெரும்பாலான ஸ்கீ தலங்கள் பலகையை உள்ளே விடவில்லை. பனியைச் சுரண்டிவிடும், ஆபத்து என்றெல்லாம் காரணம் சொன்னார்கள். உண்மையில் பையன்களின் தொளதொள கால்சட்டையும் பேச்சும்தான் பிடிக்கவில்லை என்று நினைக்கிறேன். ஆல்டா, டியர் வேலி, மேட் ரிவர் க்ளென் மூன்றும் இன்றைக்கும் அனுமதிப்பதில்லை. 1998இல் நகானோ ஒலிம்பிக்கில் இந்த விளையாட்டு நுழைந்தது. முதல் தங்கத்தை வென்றவர் விஸ்லரைச் சேர்ந்த ராஸ் ரெபக்லியாட்டி. கஞ்சாவின் தடயம் இருந்ததென்று பதக்கத்தைப் பறித்து, விதிப்புத்தகத்தைப் புரட்டிப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார்கள். இந்த ஊர்க்காரர்கள் இதைச் சொல்லும்போது பதக்கத்தைவிடப் பறித்துக் கொடுத்த கதையில்தான் குரல் உயரும்.

ஸ்கீ சங்கங்களில் அப்பாவும் தாத்தாவும் உறுப்பினராக இருந்த பிள்ளைகளின் இடத்துக்கு, தெருவில் ஸ்கேட்போர்டு ஓட்டிய பிள்ளைகளைக் கொண்டுவந்தது பலகைதான். அது பெரிய காரியம். ஆனால் செலவு மறுபடி கதவைச் சாத்திக்கொண்டு வருகிறது. பலகை, பூட்ஸ், பைண்டிங், ஹெல்மெட், நனையாத உடுப்பு, பனிக்கு ஏற்ற டயர், சீசன் பாஸ் என்று கூட்டிக்கொண்டே போனால், இயற்கை எல்லாருக்கும் பொது என்ற வாக்கியத்தைக் கொஞ்சம் தள்ளிவைத்துவிட வேண்டியதுதான். பொதுவாக மிஞ்சியிருப்பது மழையும், நடைபாதைகளும்.

நடைபாதைகள் இருக்கும் இடத்தில்தான் பக்கத்து மலையின் இன்னொரு குணம் தெரிகிறது. வடகரை மலைகளில் வழிதவறுகிறவர்கள் பெரும்பாலும் நகரத்தைப் பார்த்துக்கொண்டேதான் தவறுகிறார்கள். மூடுபனி விலகினால் கீழே விளக்குகள், துறைமுகத்தில் கப்பல்கள். கைபேசியில் சில இடங்களில் சிக்னல்கூட இருக்கும். இறங்கினால் ஊர் வந்துவிடும் என்று தோன்றும். ஆனால் இறங்குகிற ஓடைகள் எல்லாம் குறுகி, செங்குத்தாகி, அருவியில் போய் முடிகின்றன. ஏறவும் முடியாமல் இறங்கவும் முடியாமல் ஈரத்தோடு இரவைக் கழிக்க வேண்டியதுதான். சறுக்குத் தடத்தின் எல்லைக் கயிற்றைத் தாண்டி யாரும் மிதிக்காத பனியில் ஒரே ஒரு முறை போய் வரலாம் என்று நினைப்பவர்களுக்கும் இதே ஓடைதான். போதாததற்கு மரங்கள். தாழ்ந்த கிளைகளுக்கு அடியில், தண்டைச் சுற்றி, உதிரியாகப் பனி தங்கிக் கண்ணுக்குத் தெரியாத குழி உண்டாகியிருக்கும். தலைகீழாக விழுந்துவிட்டால் இரண்டு காலும் பலகையில் கட்டுண்டவர் தானாக வெளியே வருவது மிகக் கடினம். பக்கத்தில் ஆள் இருந்தால்தான் உண்டு.

இவர்களைத் தேடிப் போகிறவர்கள் சம்பளக்காரர்கள் இல்லை. 1965இல் தொடங்கிய நார்த் ஷோர் ரெஸ்க்யூ முழுக்கத் தன்னார்வலர்களின் அமைப்பு. தச்சர், மருத்துவர், ஆசிரியர் எல்லாரும் இருப்பார்கள். அழைப்பு வந்தால் சாப்பாட்டு மேசையிலிருந்து எழுந்து போவார்கள். மீட்கப்பட்டவரிடம் ஒரு டாலர்கூட வாங்குவதில்லை. கயிற்றைத் தாண்டிய முட்டாளுக்கு ஏன் இலவச ஹெலிகாப்டர் என்று பத்திரிகைகளில் ஒவ்வொரு குளிர்காலமும் கடிதம் வரும். அமைப்பின் பதில் எப்போதும் ஒன்றே: பணம் கேட்டால் பயந்து தாமதமாகக் கூப்பிடுவார்கள், தாமதமானால் எங்கள் ஆட்கள் இருட்டில் இன்னும் மோசமான இடத்துக்குப் போக வேண்டும். அவர்களின் தலைவராகப் பல ஆண்டுகள் இருந்த டிம் ஜோன்ஸ் 2014 ஜனவரியில் சீமோர் மலையிலிருந்து இறங்கும்போது மாரடைப்பால் இறந்தார். அந்த மலையின் சிகரங்களில் ஒன்றுக்கு இப்போது அவர் பெயர்.

போகாமல் திரும்பிவிடலாம் என்பது பக்கத்தில் வாழ்பவரின் சலுகை என்றேன். அதை மறுக்கும் ஒரு வாழ்க்கையும் இந்த மலைகளிலேயே இருக்கிறது. எல்லைக்கு அப்பால் வாஷிங்டன் மாநிலத்தில் பேக்கர் மலை. வானம் தெளிந்தால் வான்கூவரிலிருந்தே தெரியும். 1998-99 பருவத்தில் அங்குள்ள ஸ்கீ தலத்தில் 1,140 அங்குலம், அதாவது 29 மீட்டருக்குச் சற்றுக் குறைவாகப் பனி பெய்து உலக சாதனை ஆனது. அந்த மலையில் பழகி வளர்ந்தவர் கிரெய்க் கெல்லி. நான்கு முறை உலக சாம்பியன். புகழின் உச்சியில் போட்டிகளை விட்டுவிட்டு, லிஃப்ட் இல்லாத மலைகளுக்குப் போனார். நீளவாக்கில் இரண்டாகப் பிரியும் பலகை ஒன்று உண்டு. அடியில் வழுக்காத பட்டையை ஒட்டி ஸ்கீபோல மாட்டிக்கொண்டு நடந்தே ஏறலாம்; உச்சியில் பட்டையை உரித்து இரண்டையும் பூட்டினால் மறுபடி ஒரே பலகை. ஏறுவதும் இறங்குவதும் ஒருவழியாகச் சமாதானமாகிற கருவி. அவருக்கு அது பிடித்திருந்தது. பிரிட்டிஷ் கொலம்பியாவிலேயே குடியேறி, மலை வழிகாட்டியாகச் சான்றிதழ் பெறப் பயின்றுகொண்டிருந்தார். 2003 ஜனவரி 20ஆம் தேதி ரெவெல்ஸ்டோக் அருகே பனிச்சரிவில் இறந்தார். அவரோடு சேர்த்து ஏழு பேர். பன்னிரண்டு நாள் கழித்து, பிப்ரவரி 1, ராஜர்ஸ் கணவாயில் இன்னொரு பனிச்சரிவு. ஆல்பர்ட்டாவிலிருந்து பள்ளிச் சுற்றுலா வந்த மாணவர்கள் ஏழு பேர். அந்தக் குளிர்காலத்தின் தொடக்கத்தில், நவம்பரில், பெய்த மழை உறைந்து ஓடாகியிருந்தது. அதை ஒட்டிப் பிடிப்பில்லாத மணிகள் உருவாகி, மேலே இரண்டு மாதப் பனி ஏறி உட்கார்ந்திருந்தது. இத்தனை பேரைப் பறிகொடுத்த பிறகுதான், 2004இல், நாடு முழுமைக்குமான பனிச்சரிவு மையம் ஒன்று அமைந்தது. இன்றைக்கு அதன் அறிக்கை குளிர்காலம் முழுதும் தினமும் வருகிறது: மரவரம்புக்குக் கீழே, மரவரம்பில், மரவரம்புக்கு மேலே என்று மூன்று அடுக்குக்கும் ஒன்றிலிருந்து ஐந்து வரை அபாய எண்.

அதில் அதிகம் பேரைக் கொல்வது ஐந்து இல்லை. ஐந்து என்றால் யாரும் போகமாட்டார்கள். மூன்றில்தான் சாவு அதிகம். மூன்று என்பது போகலாம் என்றும் படும், வேண்டாம் என்றும் படும். வானம் நீலமாக இருக்கும், நேற்றுப் புதுப்பனி விழுந்திருக்கும், நண்பர்கள் ஏற்கெனவே தெர்மாஸில் தேநீர் ஊற்றியிருப்பார்கள். போவார்கள், பெரும்பாலும் ஒன்றும் ஆகாது. இதில்தான் சிக்கல். மோசமான சரிவில் இறங்கி ஒன்றும் ஆகாமல் வீடு திரும்பியவருக்கு மலை நல்ல மதிப்பெண் போட்டு அனுப்புகிறது. அவர் சரியாக முடிவெடுத்தாரா, அதிர்ஷ்டத்தில் தப்பினாரா என்று மலை சொல்வதில்லை. போகாமல் பாதியில் திரும்பியவருக்கோ ஒன்றுமே தெரியப்போவதில்லை. அவர் போகாத சரிவில் அன்றைக்குப் பனி சரிந்திருக்குமா என்று யார் பார்த்தது?

இங்கே கணக்கு புரண்டுவிடுகிறது. வெளியூர்க்காரர் ஒரு வாரத்தில் ஒரு தடவை துணிகிறார். உள்ளூர்க்காரர் எந்த நாளையும் விட்டுவிடலாம், உண்மைதான். ஆனால் விடாத நாட்கள் ஒவ்வொன்றாகச் சேர்ந்து பெரிய எண்ணாகின்றன. தினம் ஒரு சொட்டு. கிரெய்க் கெல்லி அளவுக்குப் பனியைப் படித்தவர்கள் சிலரே. படித்ததால்தான் அத்தனை நாள் போனார், போனதால்தான் அந்த நாளும் வந்தது என்று எழுதிவிடலாம். எழுதினால் அது அவருக்கு நியாயம் செய்யாது. அவரைப் போலவே மலையில் வாழ்ந்து எழுபது வயதில் இன்னும் பலகை பூட்டுகிறவர்களும் இருக்கிறார்கள். அவர்களிடம் கேட்டால், என்ன செய்து தப்பினோம் என்று அவர்களுக்கும் சரியாகச் சொல்லத் தெரிவதில்லை. ஒருவர், பசித்தால் திரும்பிவிடுவேன் என்றார். விளையாட்டாகத்தான் சொன்னார் என்று அப்போது நினைத்தேன்.

இதற்கிடையில் மலையே கொஞ்சம் கொஞ்சமாகத் தள்ளிப் போகிறது. வடகரையின் சறுக்குத் தலங்கள் ஆயிரம் மீட்டரைச் சுற்றியே இருப்பவை. உறைநிலை இருநூறு மீட்டர் ஏறினாலே பனி மழையாகிவிடும். 2010 குளிர்கால ஒலிம்பிக்கின் ஸ்னோபோர்டு போட்டிகள் சைப்ரஸில் நடந்தன. அந்த ஆண்டு குளிர் போதவில்லை. வைக்கோல் கட்டுகளை அடுக்கி மேட்டை எழுப்பி, மேனிங் பூங்காவிலிருந்து லாரி லாரியாகப் பனியைக் கொண்டுவந்து மேலே பூசினார்கள். உலகம் தொலைக்காட்சியில் பார்த்தது வெள்ளைச் சரிவை மட்டும். 2014-15 குளிர்காலம் அதைவிட மோசம். ஜனவரியில் லிஃப்ட் நாற்காலிகள் பழுப்புப் புல்லுக்கு மேலே ஆடாமல் தொங்கின.

அந்த மாதிரி வருடங்களில் ஊர் சைக்கிளை எடுத்துக்கொள்கிறது. க்ரௌஸுக்கும் சீமோருக்கும் நடுவே ஃப்ரோம் மலை. அங்கே லிஃப்ட் கிடையாது. சரளைச் சாலையில் மிதித்து ஏறி, காட்டுக்குள் வேரும் பாறையுமான தடத்தில் இறங்க வேண்டும். தொண்ணூறுகளில் சிலர் விழுந்து கிடந்த தேவதாரு மரங்களைப் பிளந்து, யாரிடமும் அனுமதி கேட்காமல், சேற்றுக்கு மேலே ஏணி மாதிரி பாலங்கள் கட்டினார்கள். உலகமெங்கும் மலைச்சைக்கிள்காரர்கள் அந்தப் பாணியை இன்றும் நார்த் ஷோர் என்றே சொல்கிறார்கள். 1997இல் தொடங்கிய சைக்கிள்காரர் சங்கம் இப்போது முறையாக அனுமதி வாங்கி அந்தத் தடங்களைப் பராமரிக்கிறது. பராமரிப்பு என்றால் முக்கியமாகத் தண்ணீர் வேலை. தடத்தில் தண்ணீர் ஓட ஆரம்பித்தால் ஒரு பருவத்தில் மண் போய் வேரும் கல்லும்தான் மிஞ்சும். சனிக்கிழமைகளில் ஆட்களைக் கூப்பிடுகிறார்கள். மண்வெட்டியும் வாளியும் அவர்களே தருவார்கள்.

ஒரு சனிக்கிழமை எனக்குப் பக்கத்தில் வெட்டிக்கொண்டிருந்தவருக்கு அறுபதைத் தாண்டியிருக்கும். மழைச்சட்டை முழங்கை வரை சேறு. இந்தத் தடத்தில் நீங்கள் ஓட்டுவீர்களா என்று கேட்டேன். முட்டி போய் வருஷக்கணக்காகிறது, பேரப்பிள்ளைகள் ஓட்டுகிறார்கள், அவர்களும் வேறு தடத்தில்தான் என்றார். பிறகு நான் வெட்டிய வாய்க்காலைக் குனிந்து பார்த்தார். இந்தப் பக்கம் சரிவு போதாது, இன்னும் அரையடி ஆழம் போங்கள், அந்தக் கல்லை அப்படியே விட்டுவிடுங்கள், தண்ணீர் அதைச் சுற்றிப் போய்க்கொள்ளும் என்றார்.